நாற்பது பேருக்கும் என் நம்பர்

பேகம்பூரில் அரசு விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். செல்போன் நம்பர் இல்லாமல் விண்ணப்பம் நகராது. போன் இல்லாதவர்களுக்கு என் நம்பரையே போட்டுவிடுவேன். அப்படி ஒரு நாற்பது பேர். யாரும் என்னை வள்ளல் என்று சொன்னதில்லை; அந்தக் குறையை நானே அவ்வப்போது சொல்லித் தீர்த்துக்கொள்வேன்.

அவர்களில் ஒருத்தி பக்கத்துத் தெருக்காரி. கணவன் இல்லை. தோல் பட்டறையில் தைத்துக்கொண்டிருந்தவள். கண் மங்கியபின் அரசு உதவித்தொகையில்தான் அடுப்பு எரிந்தது. ஒருநாள் கடைக்கு வந்து நின்றாள்.

"மூணு மாசமாக் காசு வரலண்ணே. கம்ப்யூட்டர்ல நான் மவுத்தாயிட்டேனா? செத்தவுகளுக்குத்தான காச நிறுத்துவாக?"

எனக்கு வந்ததே கோபம்! அவளை உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போனவன், டீக்கடையிலேயே ஒரு பிரசங்கம் செய்தேன். "மனுசனப் பாக்காம மெஷின் எப்படிய்யா முடிவு பண்ணலாம்? அல்காரிதத்துக்கு ஈவிரக்கம் உண்டா?" முந்தின நாள் பேப்பரில் படித்த 'தரவு அறம்' என்ற சொல்லையும் இரண்டு இடத்தில் சொருகினேன். டீ மாஸ்டர் மட்டும் தலையாட்டினார். அவருக்கு நான் கிளாசை வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

திரும்பி வந்து, நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். அவள் பெயருக்கு எதிரே காரணம் இருந்தது: ஒரே எண்ணில் பலர், தகவல் அனுப்பியும் நேரில் வரவில்லை. நம்பரை மறைத்து, கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டியிருந்தார்கள். வரிசையாக அதே நான்கு இலக்கம். எந்தக் களவாணிப்பயல் வேலை இது என்று பல்லைக் கடித்தேன். செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது என் நம்பர்.

போனை எடுத்தேன். தொல்லை தாங்கவில்லை என்று அரசுச் செய்திகளை எப்போதோ சத்தமில்லாமல் ஆக்கியிருந்தேன். திறந்தால் நாற்பது பேருக்கும் வந்தது அப்படியே கிடக்கிறது. ஒன்றையும் நான் படிக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அம்புட்டு வெட்கம்.

"தங்கச்சி, மெஷின் மேல தப்பில்ல. என் மேலதான். உனக்கு என் போனுக்கு வந்த மெசேஜ நான் பாக்கவே இல்ல. வா, இப்பவே தாலுகாபீசுல நான் எழுதிக் குடுக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. "எனக்கு வந்தத வாசிங்கண்ணே."

வாசித்தேன். அவள் பெயர் போட்டு, பதினைந்து நாளுக்குள் ஆதாருடன் நேரில் வரச் சொல்லியிருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"நாலு மாசமாச்சும்மா."

"நம்மள யாரு கேக்கப்போறான்னு இம்புட்டு நாளும் அழுதுக்கிட்டுக் கெடந்தேண்ணே," என்றாள். "பேரு சொல்லிக் கூப்ட்டுத்தான் இருக்காக."