மாப்பிள்ளை வேற மாதிரி சொன்னாரே

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை பெரியவனை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. இது அவன் மனைவிக்கும் தெரியும், வேலை பார்க்கிற கம்பெனிக்கும் தெரியும். லிஃப்ட் நடுவழியில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டாலும், அந்த நேரத்தில் வேறு மெக்கானிக்தான் போக வேண்டும். அது அவன் அப்பாவோடு போனில் பேசுகிற நேரம்.

ஊரை விட்டு வெளிநாட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. வயது நாற்பத்தாறு. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் அறுபதுக்கு மேற்பட்ட கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. மொட்டைமாடி மோட்டார் அறைகளில் கிரீஸ் படிந்த கையோடு நின்றே பாதி வாழ்க்கை போய்விட்டது. அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவான். வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்டால் முதலில் உட்காரச் சொல்வான். வாடகையில் ஆரம்பித்து, பால், முட்டை, பஸ் கட்டணம், பல் டாக்டர் என்று ஒரு சுற்று வந்து, இதற்கெல்லாம் காரணம் எந்த இரண்டு நாடுகள் எந்தக் கடலில் முறைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதில் கொண்டுபோய் நிறுத்துவான். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அப்பா ஒரு மருந்துக்கடையில் நாற்பது வருஷம் கவுன்ட்டரில் நின்றவர். அம்மா போன பிறகு வீட்டில் தனி ஆள். தினமும் இரண்டு பேப்பரை வரி விடாமல் படித்து, புரியாததைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"ஏன்டா, எங்கேயோ ரெண்டு பேரு சண்டை போட்டா இங்க எண்ணெய் விலை ஏன் ஏறுது?"

பெரியவன் விளக்குவான். மறுநாள் முடிவெட்டுகிற கடையிலும் பேங்க் வரிசையிலும் அப்பா அதை அப்படியே எடுத்து விடுவார். "என் பையன் வெளிநாட்டுல இருக்கான், அவன் சொல்றான்" என்று தொடங்குவாராம். தங்கச்சி, வீட்டில் சின்னவள் என்று பெயர், இதை எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரியவன் சிரிக்கவில்லை. அந்த 'அவன் சொல்றான்' இருக்கிறதே, கம்பெனியில் பதினைந்து வருஷ சேவைக்குக் கொடுத்த கடிகாரத்தைவிட அது அவனுக்குப் பெரிது.

அதில் மண் விழுந்தது சின்னவளின் வீட்டுக்காரரால்.

மாப்பிள்ளை எக்ஸ்ரே எடுக்கிற வேலை படித்தவர். அவருக்கு வேறொரு நாட்டில், பெரியவன் இருக்கிற இடத்தைவிடக் குளிரான இடத்தில், ஆஸ்பத்திரி வேலை கிடைத்துப் போனார். ஆறு மாதத்தில் சின்னவளும் போய்ச் சேர்ந்தாள். முதலில் எல்லாம் பெரியவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்த மாதிரி கோட் வாங்க வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியில் ஏமாற்றுவார்கள் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். மாப்பிள்ளையும் "சரிங்க மச்சான், சரிங்க மச்சான்" என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது வரிச் சட்டத்தைப் பற்றிப் பெரியவன் இருபது நிமிஷம் பேசி மூச்சு வாங்க நின்றபோது, அப்பா சொன்னார்:

"அப்படியா? மாப்பிள்ளை வேற மாதிரி சொன்னாரே."

"எந்த மாப்பிள்ளை?" என்றான் பெரியவன், ஏதோ வீட்டில் ஏழெட்டு மாப்பிள்ளைகள் இருக்கிற மாதிரி.

"நம்ம மாப்பிள்ளைதான். புதன்கிழமை பேசுவாரு. அவரு சொல்றதும் யோசிக்கிற மாதிரிதான் இருக்கு."

புதன்கிழமை பேசுகிறார் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். போனை வைத்த பிறகு மனைவியிடம் பொரிந்து தள்ளினான். "போய் முழுசா ரெண்டு வருஷம் ஆகல. ஒரு குளிர்காலம் பாத்திருப்பாரா? அதுக்குள்ள உலகப் பொருளாதாரம் பேச வந்துட்டாரு."

அவள் துணி மடித்துக்கொண்டே, "நீங்க வந்த நாலாவது மாசமே பேச ஆரம்பிச்சீங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மோட்டார் அறைகளில் ரேடியோவைச் செய்தி நிலையத்துக்கு மாற்றி வைத்தான். ஞாயிற்றுக்கிழமைக்காகப் படித்தான். அவன் என்ன சொன்னாலும் எதிர்முனையில் ஒரு புதன்கிழமை காத்துக்கொண்டிருந்தது. பெரிய நாடு ஒன்றில் தேர்தல் வந்தது. யார் ஜெயிப்பார்கள் என்று அப்பா கேட்டார். ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்று பெரியவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் அப்பா, "மாப்பிள்ளை ஆளுங்கட்சிதான்னு அடிச்சுச் சொல்றாரு" என்றார்.

"வாய்ப்பே இல்லப்பா. படுதோல்வி அடைவாங்க பாருங்க."

சொல்லி முடித்ததுமே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனாலும் திரும்ப எடுக்க மனசு வரவில்லை. ஆளுங்கட்சி முன்னைவிட அதிக இடங்களில் ஜெயித்தது. மூன்று வாரம் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சிரித்தார். பெரியவனுக்கு வயிறு எரிந்தது.

அதற்கு அடுத்த மாதம் அப்பா அந்தச் செய்தியைச் சொன்னார். காலண்டர் தாளை எடுப்பதற்கு முன்னாடியே சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை டிக்கெட் போட்டுட்டாருடா. பன்னெண்டாம் தேதி கிளம்புறேன். ரெண்டு மாசம் இருந்துட்டு வரப் போறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான் பெரியவன்.

"இப்பச் சொல்றேன்ல."

"பத்தொன்பது வருஷமா இங்க இருக்கேன். ஒரு தடவை வந்திருப்பீங்களா? அங்க ரெண்டே வருஷத்துல கிளம்பியாச்சு."

"நீ எங்கடா கூப்பிட்டே?"

"நான் கூப்பிடலையா?"

"கூப்பிட்டே. அம்மா இருந்தப்ப ஒரு தடவை. வாங்கன்னு சொன்னே. அதே மூச்சுல, அங்க ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுத்தா ஊர்ல இருக்கிற வீட்டை விக்கணும்னும் சொன்னே. அம்மா அன்னைக்கே சொல்லிட்டா, புள்ளை அங்க கஷ்டப்படுறான், நாம வேற போய் ஏன் பாரமா உக்காரணும்னு. பாஸ்போர்ட் எடுக்கக் கொடுத்திருந்த போட்டோவைக்கூடத் திரும்ப வாங்கிட்டு வந்துட்டா."

அப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுக் காலண்டர் தாளை எடுத்து முதல் கேள்வியைக் கேட்டார். பெரியவன் ஏதோ பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை.

அவன் கஷ்டப்படவில்லை. அதுதான் விஷயம். முதல் மூன்று வருஷம் இழுபறியாக இருந்தது, உண்மைதான். அதற்குப் பிறகு மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாள் கிடையாது. விலையைச் சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. இவ்வளவு விலை விற்கிற இடத்தில் ஒருத்தன் நின்று காட்டுகிறான் பாருங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். ஊரில் கேட்டவர்கள் காதில் விழுந்தது விலை மட்டும்தான்.

மனைவியிடம் சொன்னான். அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "எங்க அம்மாவும்தான் வரல" என்றாள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். சின்னவள் போட்டோக்களாக அனுப்பித் தள்ளினாள். மாப்பிள்ளையின் கோட்டை மாட்டிக்கொண்டு அப்பா ஆற்றுப் பாலத்தில் நிற்கிறார். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தக்காளியை முறைக்கிறார். கோட்டின் கை இரண்டு விரல் நீளம் அதிகம். பெரியவன் அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பாதி உள்ளங்கை கோட்டுக் கைக்குள் மறைந்திருந்தது. நாம் வாங்கிக் கொடுத்திருந்தால் அளவாக வாங்கியிருப்போம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு பத்து நிமிஷமாகச் சுருங்கியது. "மாப்பிள்ளை வெளியே கூட்டிட்டுப் போறாருடா, அப்புறம் பேசுறேன்" என்று அப்பா வைத்துவிடுவார்.

நாலாவது வாரம் அவன் லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினான். நாலு நாள். அப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டான். உண்மையில் மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது ஒரு குறை கண்ணில் படாதா என்றுதான் போனான்.

குறை இருந்தது. அவன் வீட்டைவிட அந்த வீடு சின்னது. ஒரே படுக்கையறை. அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையும் சின்னவளும் முன்னறையில் மெத்தையை விரித்துப் படுத்தார்கள். அவன் போய்ச் சேர்ந்ததும் இடம் போதாமல் சின்னவள் மட்டும் அதில் படுத்தாள், மாப்பிள்ளை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டார். இருந்த ஒரே சோபா மச்சானுக்கு. அடுப்பில் இரண்டு பர்னர்தான் எரிந்தது. குறையைப் பார்த்தும் அவன் மனசு குளிரவில்லை.

சாயங்காலம் டிவியில் செய்தி ஓடியது. எங்கேயோ ஒரு துறைமுகத்தை மூடிவிட்டார்கள். பெரியவன் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானான். அதற்குள் மாப்பிள்ளை, "இது எனக்குச் சரியாப் புரியல மாமா. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

அப்பா பேசினார். பழைய யுத்த காலத்தில் மருந்துக் கப்பல் வராமல் கடையில் மாத்திரையைப் பாதியாக உடைத்து விற்றது, அப்போது எந்த நாடு எந்தப் பக்கம் நின்றது, இப்போது ஏன் அது மாறியது என்று பதினைந்து நிமிஷம். பெரியவனுக்கு இது எதுவுமே தெரியாது. அப்பா சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் பேசி அவன் கேட்டதே இல்லை. போனில் அவர் கேட்பார், அவன் சொல்வான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்க்க, பெரியவனுக்குக் காதில் புகை வராத குறைதான்.

மறுநாள் அப்பா குளிக்கப் போன நேரத்தில், சின்னவள் சமையலறையில் அவனிடம் மெல்லிய குரலில் சொன்னாள். "அவரு வாரத்துல ரெண்டு நாள் கூடுதலா ஷிப்ட் பாக்குறாருண்ணா. டிக்கெட் போட்டது, அப்பாவுக்கு இன்சூரன்ஸ் எடுத்தது எல்லாம் அதுலதான். இங்க வாடகை உங்க ஊரைவிட ஜாஸ்தி. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

அதற்குப் பிறகு பெரியவனும் அப்பாவும் மட்டும் கடைக்கு நடந்தார்கள். தெருவோரக் கடை ஜன்னல்களில் விலைச்சீட்டுகள் தொங்கின. அவன் ஒவ்வொன்றையும் தான் இருக்கிற நகரத்து விலையோடு ஒப்பிட்டு முடித்திருந்தான். எல்லாமே அதிகம்.

"இங்க எல்லாம் மலிவாம்டா" என்றார் அப்பா. "மாப்பிள்ளை சொல்றாரு. ஒண்ணும் பெரிய செலவே இல்லையாம். நீ என்னமோ வெளிநாடுன்னா வாயில போடுறதுக்கெல்லாம் காசுன்னியே."

சொல்ல வேண்டிய எண்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. வாடகை எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, கூடுதல் ஷிப்ட் எத்தனை மணி நேரம். ஒரே நிமிஷத்தில் மாப்பிள்ளை பொய் சொல்கிறார் என்று நிரூபித்துவிடலாம். உலகத்தில் வேறு யாரைவிடவும் அவனுக்கு அது நன்றாக வரும். அப்பா கோட்டின் நீளக் கையை மேலே இழுத்து விட்டுக்கொண்டு பதிலுக்காக அவனைப் பார்த்தார்.

"ஆமாப்பா" என்றான். "இங்க மலிவுதான்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எங்க பக்கமும் இப்ப முன்ன மாதிரி இல்லப்பா. நல்லாக் குறைஞ்சிருக்கு. அடுத்த வருஷம் வாங்க" என்றான்.

"பேப்பர்ல அப்படிப் போடலையே. ஏறியிருக்குன்னுல்ல போட்டிருக்கான்."

"பேப்பர்ல எல்லாத்தையுமா போடுறாங்க?"

அப்பா நின்று அவன் முகத்தைப் பார்த்தார். "சரி, பாப்போம்" என்றார்.

அடுத்த வருஷம் வந்தார். மொத்தம் இருபத்தைந்து நாள். அதற்கு முந்தின கோடையில் மாமியார் வந்து இருந்துவிட்டுப் போயிருந்தார், அதற்கும் பெரியவன்தான் டிக்கெட் போட்டான். அப்பாவுக்கு அளவாக ஒரு கோட் வாங்கி வைத்திருந்தான். அவர் வந்தது வெயில் காலம். ஒரு நாள்கூட அதைப் போடவில்லை.

வந்த முதல் வாரம் பெரியவன் வேலை முடிந்ததும் ஓடி ஓடி வீட்டுக்கு வந்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள் சீக்கிரமே வந்தபோது, கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கீழ்வீட்டுக் கிழவர், பழைய கப்பல் மாலுமி. பெரியவன் அவரோடு பதினோரு வருஷத்தில் வணக்கத்தைத் தாண்டி எதுவும் பேசியதில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை ஒன்றும் கிடையாது. மடியில் ஒரு இலவசப் பேப்பரை விரித்து வைத்து, அதிலிருந்த உலக வரைபடத்தில் மாலுமி ஒரு நாட்டைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்பா வேறொரு நாட்டைத் தொட்டுத் தலையில் கை வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெரியவன் கருவிப் பையோடு வாசலில் நின்று பார்த்தான். இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது, அதிலும் பங்கு கேட்க ஒரு மாலுமியா என்று இருந்தது. பிறகு போய், "கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா" என்று இடம் கேட்டு, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.