வயிறு புடைத்த கிடார்

ஐந்து வாரங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் ஒரு கிடார் கேட்டிருந்தேன் – நினைவிருக்கிறதா? மறந்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். என் வீட்டிலேயே யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கிடார் கிடைத்துவிட்டது. போன வியாழக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷனில் அதை வாசித்தும் ஆகிவிட்டது. கிடைத்த விதத்தை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதினால் மானம் போகும். தூக்கம்தான் முக்கியம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

கிடார் எனக்கில்லை. நண்பர் ஜோசப்புக்கு. அச்சரப்பாக்கத்துக்காரர். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். மகன் செங்கல்பட்டு ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க். சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார். ஆறு வருடமாக வாசிக்கிறார். ஆறு வருடமாக அது ஒருவர் காதிலும் விழுந்ததில்லை.

மிகைப்படுத்தவில்லை. ஒரு பக்கம் டிரம்ஸ், ஒரு பக்கம் பாங்கோஸ், நடுவில் அக்கார்டியன், மைக்கை விழுங்கிவிடுவது போல இரண்டு பாடகர்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஜோசப்பின் கை அசைவது தெரியும். அவ்வளவுதான். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வரும்போது, "நீங்க எப்ப வாசிச்சீங்க?" என்று அவர் மனைவியே கேட்டாராம்.

குழுவை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் பொறுமை இழந்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்துக்குள் சத்தம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மேடையில் அந்த நாற்காலியையாவது காலி செய்து கொடு என்று சொல்லிவிட்டார். ஜோசப் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எலெக்ட்ரிக் கிடார் வாங்கலாமே? நானும் அதைத்தான் கேட்டேன். இந்த மின்வெட்டில் கரண்டை நம்பிக் கிடார் வாங்குவதா என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு வேண்டியது 'ஆர்ச்டாப்' என்ற பழைய வகை. கரண்ட் கிடார் வருவதற்கு முன்னால், ஜாஸ் குழுக்களில் ஊதுகிறவர்களுக்கு நடுவிலும் கேட்க வேண்டும் என்றே செய்ததாம். ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஒரு கிறிஸ்துமஸ் டான்ஸில் ஆங்கிலோ-இந்திய டிரைவர் ஒருவர் அதை வாசித்து ஜோசப் கேட்டிருக்கிறார். மறு வருடமே டிரைவரும் குடும்பமும் கிடாரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள்.

அடையாளம் இரண்டு சொன்னார். ஒன்று, முன்பலகை தட்டையாக இருக்காது, வயலின் மாதிரி மேடு தட்டியிருக்கும். இரண்டு, நடுவில் வட்ட ஓட்டை கிடையாது. பதிலாக இரு பக்கமும் வயலினில் உள்ளது போல வளைந்த நீள ஓட்டைகள் இருக்கும்.

இரண்டையும் எழுதினேன். சத்தியமாக எழுதினேன். நான்கு வரி கூடுதல் என்று ஆசிரியர் திருப்பி அனுப்பினார். கிடாரின் வயிற்றையும் என் வயிற்றையும் ஒப்பிட்டு ஒரு ஜோக் வைத்திருந்தேன் – சரியாக நான்கு வரி. ஓட்டைகளும் நான்கு வரி. எதை வெட்டுவது? ஜோக்கை வெட்ட எந்தப் பத்தி எழுத்தாளனுக்கு மனசு வரும்? ஓட்டைகளை வெட்டினேன்.

கடிதங்கள் வந்தன. ஊரப்பாக்கத்திலிருந்து ஒருவர் குடம் உடைந்த வீணை இருப்பதாக எழுதினார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரு பெண்மணி, கிடார் இல்லை, ஆனால் வயிற்றைக் குறைக்கக் கொள்ளு ரசம் நல்லது என்று எனக்கு எழுதினார். செங்கல்பட்டு பஜாரில் பழைய சாமான் விற்கும் ரஹீம் பாயிடம் நேரிலேயே போனோம். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மழையில நனைஞ்சி உப்பிக்கினது தானே? ரெண்டு கீது. எது வேணும்?"

ஜோசப் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

பிறகுதான் தேவனேரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக் குப்பம். எழுதியவர் கன்னியப்பன், படகுத் தச்சர். அவர் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையன் ஊர் திரும்பும்போது விட்டுப்போனதாம். நான் எழுதியதைப் போலவே வயிறு புடைத்ததாம். வந்து பார்க்கச் சொன்னார்.

உடனே பதில் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய சாமான் வாங்குவதில் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? 'ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். எங்காவது ஓட்டையோ விரிசலோ இருந்தால் எங்களுக்கு வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு எழுதினேன்.

ஞாயிறு காலை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். ஜோசப் மடியில், ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய பழைய கிடார், சட்டைப் பையில் புதுத் தந்திகள். வழியெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே வந்தார்.

கன்னியப்பன் வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே போய், துண்டில் சுற்றிய கிடாரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார். அழகான மேடு. தேன் நிற வார்னிஷ். ஜோசப் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

இரு பக்கமும் வளைந்து ஓடிய ஓட்டைகள் இருந்த இடத்தில் பஞ்சும் குங்கிலியமும். படகின் பலகை இடுக்கில் காய்ச்சி அடைப்பார்களே, அதே குங்கிலியம். வழவழவென்று தேய்த்து, மேலே வார்னிஷும் பூசியிருந்தது.

"ரெண்டு ஓட்டை இருந்திச்சி சார். நீங்க எழுதினதும் அடைச்சிட்டேன்," என்றார் கன்னியப்பன். "இனிமே ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாது. அண்டாவுல அமுக்கிப் பாக்கலாம்னா, குடிக்கிற தண்ணின்னு எங்கூட்ல வுடல."

அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும்.

ஜோசப் கத்தியிருந்தால்கூட தாங்கியிருப்பேன். மணலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான்கு வரி ஜோக்கிலிருந்து அடிக்கோடு போட்ட கார்டு வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கன்னியப்பன் முழுக்கக் கேட்டார். தாம் அடைத்ததை யாரும் இதுவரை திறக்கச் சொன்னதில்லை என்று மட்டும் சொன்னார். முகம் வாடிவிட்டது. ஆனாலும் கம்பியைச் சூடு பண்ண உள்ளே போனார்.

இரண்டு மணி நேரம். விளிம்பில் ஒரு கீறல் விழாமல், இளக்கி இளக்கி எடுத்தார். ஜோசப் பார்க்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நமக்கு நல்லது செய்தவர்கள் செய்து வைத்ததைப் பக்குவமாக நீக்குவதிலேயே பாதி ஆயுள் போய்விடுகிறது, இல்லையா?

தந்தி மாட்டி, சுருதி சேர்த்து, ஜோசப் ஒரு தட்டுத் தட்டினார். எதிர்க்காற்று. அலைச் சத்தம் வேறு. ஐம்பது அடி தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் தலையைத் திருப்பினார்கள். ஜோசப் அதைப் பார்த்துவிட்டார். மறுபடி தட்டினார். மறுபடி திரும்பினார்கள்.

விலை பேசினோம். சும்மா வந்ததை விற்கக் கூடாது என்றுவிட்டார் கன்னியப்பன். சுவரில் ஆணி காலியாக இருக்குமே, அந்தப் பழைய கிடாரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கொடுத்தோம். வாங்கித் திருப்பிப் பார்த்தவர், நடுவிலிருந்த வட்டத்தில் விரலை விட்டார்.

"இன்னா தம்பி, இதுல இம்மாம் பெரிய ஓட்டை கீதே. அடைச்சிக்கட்டுமா?"

"உங்க இஷ்டம் நைனா," என்றார் ஜோசப்.

வியாழக்கிழமை செங்கல்பட்டில் ரிசப்ஷன். மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது. மைக் செத்தது. பாடகர்கள் வாயை மூடினார்கள். டிரம்ஸ்காரர் இருட்டில் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். ஜோசப் மட்டும் நிறுத்தவில்லை. மண்டபத்தின் கடைசி வரிசைவரை கிடார் கணீரென்று கேட்டது. காதல் பாட்டுக்கு அடியில் அவர் ஆறு வருடமாக என்ன வாசித்துக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரிந்துபோனது. ஏதேதோ ஜாஸ் சங்கதிகள். எல்லாம் அவர் இஷ்டத்துக்கு. எனக்கு அருமையாக இருந்தது. பெண்ணின் மாமா பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

முடிந்ததும் மாஸ்டர் மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷமா இதைத்தான் வாசிச்சிக்கினு இருந்தியா என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். இனிமேல் தினமும் காலை ஆறு மணிக்கு ஒத்திகைக்கு வந்தாக வேண்டும் என்று முடித்தார்.

நான் பயந்துகொண்டே காத்திருந்தேன். ஜோசப் கிடாரை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கிழிச்சிட்டாருண்ணா... ஒவ்வொரு இடமா சொல்லிச் சொல்லித் திட்டினாரு. அப்டின்னா, எல்லாமே கேட்டிருக்கு!"