மாப்பிள்ளை மீனுக்கு ஒரு கீழ்வீடு

கமலக்கண்ணனும் மகள் பானுப்ரியாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு குழாய்க்குப் பசை போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் குழாயைப் பிடித்துக்கொண்டார். அவள் பசை தடவிச் செருகினாள். "ஆடாம புடிப்பா" என்று மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் "ம்" என்றார். ஆடிக்கொண்டேதான் பிடித்தார்.

ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் வீட்டுக் கூடத்தில் கடல் எதற்கு என்று கேட்காதவர் தெருவில் இல்லை. எல்லாம் ஒரு நீலத்துக்காகத்தான். சென்னையில் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, அங்கிருந்த தொட்டியில் மாண்டரின் என்ற கடல்மீன் ஒன்றைப் பார்த்துவிட்டார். விரல் நீளம்கூட இல்லை. உடம்பெல்லாம் நீலம், அதன் மேல் ஆரஞ்சில் வளைவு வளைவாகக் கோடு. அன்று பானுவுக்குப் போன் போட்டவர் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "முப்பது வருஷமா மயில்கழுத்து போடறேன், ஆனந்தா நீலம் போடறேன். இந்த நீலம் எனக்கு ஒரு தரம்கூட விழலம்மா" என்றார்.

தொட்டி வந்தது, கடலுப்பு வந்தது, மீனும் வந்தது. சீவிச் சிங்காரித்துக்கொண்டு, போட்டது எதையும் தின்னாமல் மூலையில் முறைத்துக்கொண்டிருந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்.

"சொந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு மாப்பிள்ளை பாக்க வக்கில்ல" என்றாள் அவர் மனைவி ரேணுகாம்பாள். "இதுல மீனு மாப்பிள்ளையாம்."

மீன் தின்னாததற்குக் காரணம் இருந்தது. அந்த ஜாதி மீன், தண்ணீரில் உயிரோடு ஊரும் மிளகுத்தூள் அளவுப் பூச்சிகளைத்தான் பெரும்பாலும் தின்னும். இதை அவர் மீனை வாங்கிய பிறகு படித்தார். அதற்குள் மாப்பிள்ளையின் வயிறு உள்ளே போக ஆரம்பித்திருந்தது.

பானு ராணிப்பேட்டையில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்ஜினியர். தாளில் படம் போட்டு விளக்கினாள். பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி. பேர் ரெஃப்யூஜியம். அதில் கடல்பாசி, அதற்கு ஒரு விளக்கு. தின்ன மீன் இல்லாத இடம் என்பதால் பூச்சிகள் பாசிக்குள் பயமில்லாமல் பெருகும். மேலேயிருந்து வழியும் தண்ணீர் கீழே வந்து, பம்பில் மறுபடி மேலே ஏறும்போது கொஞ்சம் பூச்சியும் கூடவே போகும்.

"கீழ்வீட்டுல சமையல், மேல்வீட்டுல சாப்பாடு" என்றார் கமலக்கண்ணன். அதையே விளக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழாய் ஒட்டி முடிந்ததும் கமலக்கண்ணன் உள்ளே போய் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வியாழக்கிழமையே சென்னையில் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் வாங்கிவந்த பாசி. பச்சை நூல்கண்டு போலப் பளபளத்தது.

"எவ்ளோ சுத்தம் பாத்தியா! வாங்கினு வந்தப்போ ஒரே அழுக்கு. பூச்சி வேற. ஏழு தண்ணி அலசிட்டேன்."

சாயம் ஏறிய நூலை ஏழு தண்ணீர் அலசாமல் அவர் பட்டறையிலிருந்து வெளியே விடமாட்டார். கடைசித் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிய வேண்டும்.

"எந்தத் தண்ணிப்பா?"

"போர் தண்ணிதான்."

"பூச்சி?"

"ஒண்ணு விடல."

பானு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா. அந்தப் பூச்சிதான் சாப்பாடு. உப்பில்லாத தண்ணி பட்டாலே அது செத்துடும்."

சமையலறையிலிருந்து ரேணுகாம்பாளின் குரல் வந்தது. "மாப்பிள்ளைக்கு வடை வாங்கினு வந்தாராம். எண்ணெய்யா இருக்குதேன்னு சோப்பு போட்டுக் கழுவினாராம்."

முதலில் சிரித்தவர் கமலக்கண்ணன்தான். பிறகு தொட்டியருகே குனிந்து மீனின் வயிற்றைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "செவ்வாக்கெழம போய் வேற வாங்கியாறேன். இந்தத் தடவ கையே வெக்கமாட்டேன்."

திங்கட்கிழமை மதியம் பட்டறையில் சாயக் கொப்பரையின் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழவில்லை. வயது அறுபத்திரண்டு.

துக்கம் கேட்க வந்தவர்களில் தணிகாசலமும் ஒருவர். நான்கு தறி வைத்திருப்பவர். தொட்டியின் முன் வெகுநேரம் நின்றார். "இந்த மீனுதானா?" என்றார். "நான் கேட்டது கத்திரிப்பூ கலரு. இதைப் பாத்துட்டு வந்து வந்து, நாலு தடவ எனக்கு நீலமா போட்டுக் குடுத்தாரும்மா. பேஜார் மனுஷன்." பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் பானு மீனைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பாறை இடுக்கில் கொத்திக் கொத்தி எதையோ தேடிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. இன்னும் ஐந்து நாள்தான் தாங்கும். காரியம் பதினாறாம் நாள். அதற்கு முன் பெண் ஊரைத் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ரேணுகாம்பாள் பின்னால் வந்து நின்றாள்.

"நீ இன்னாத்துக்கு உக்காந்துகினு இருக்கிற? மீனுக்குத் தீட்டு தெரியுமா? ஜல்தி போய் வாங்கியா. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"கடை எதும்மா?"

"அந்த மனுஷனுக்குத்தான் தெரியும்."

பானு அப்பாவின் போனை எடுத்துத் தேடினாள். 'பாசி ராஜ்குமார்' என்று இருந்தது. அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சார்! போன செவ்வாக்கெழம வர்றேன்னீங்க, ஆளையே காணோம்? பூச்சியோட தனியா எடுத்து வெச்சிருக்கேன். வர்றீங்களா, வேற யாருக்காச்சும் குடுத்துடவா?"

"குடுத்துடாதீங்க" என்றாள் பானு. "நாளைக்குக் காலைல வந்துடறேன்."