அடக்கி வாசிக்கச் சொன்னேன்

கொடைக்கானல் பஜாரில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் எடை பார்ப்பது என் வேலை. ஆனால் ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் நாடகத்தில் பொம்பளை வேஷம் கட்டுகிறவன். ஒவ்வொரு தை மாதமும் எங்கள் சபை ஒரு நாடகம் போடும். தொடர்ந்து ஆறு வருடம் கதாநாயகி நான்தான். அதற்காகவே மீசை வைக்காமல் இருந்தேன். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், "ஏலே, ராணியம்மா வாராங்க, வழி விடுங்க" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம் சபையின் செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. மதுரையில எல்லாம் பொம்பளைங்களே நடிக்க வந்துட்டாங்க. நாம மட்டும் ஆம்பளைக்குச் சேல கட்டி விட்டா சனங்க சிரிக்கிறாங்க. இந்த வருசம் எல்லாருக்கும் தேர்வு வைக்கப் போறோம். நீங்க தோட்டத்துக் கங்காணி வேஷத்துக்கு வாங்க" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏரிப் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் வீட்டுக்குப் போக முடிந்தது.

என் மனைவிக்கு ரொம்பச் சந்தோஷம். "மீச வைங்க மொதல்ல" என்றாள். மறுநாளிலிருந்து எனக்கு நடை பழக்கினாள். கொல்லையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பேன். அவள் துணி துவைத்துக்கொண்டே பார்ப்பாள்.

"தோள இறக்காதீங்க. கைய வீசுங்க. பாருங்க, திரும்புறப்ப முந்தானைய இழுக்குற மாதிரியே கை போகுது. என்னயப் பாத்துத்தானே இதெல்லாம் படிச்சீங்க? இனி யாரப் பாத்துப் படிப்பீங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்துப் படிக்கலாம் என்று நினைத்தேன். அவர்கள் நிற்பதையும் பீடி பிடிப்பதையும் கவனித்தேன். வெள்ளனே எழுந்து தைலமரத் தோப்புக்குள் போய்க் கங்காணியின் அதட்டலைக் கத்திப் பார்த்தேன். நாலாவது வரியில் தொண்டை தானாக மேலே ஏறிக்கொண்டது. என் காதுக்கே அது ஆண்பிள்ளை வேஷம் போட்ட பெண்ணின் குரலாகக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். இருபது வயது இருக்கும். தாயாரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நான் மேடையே ஏறினதில்ல. கதாநாயகி வேஷத்துக்கு என்னய வரச் சொல்லியிருக்காங்க. ஒங்ககிட்டக் கேட்டுப் படிச்சுக்கிடச் சொன்னாங்க."

என் வேஷத்துக்கு வந்திருப்பவளை நானே தயார்செய்ய வேண்டும். மறுத்திருக்கலாம். "உக்காரும்மா" என்றேன்.

தேர்வுக்குக் கொடுத்திருந்தது ஒரு கடிதக் காட்சி. தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன கணவன் செத்துப்போனான் என்று கடிதம் வருகிறது. மனைவி அதை வாசிக்கிறாள். அந்தப் பெண் தாளை எடுத்து வாசித்தாள். குரலை உயர்த்தவே இல்லை. ஏதோ கடைச் சாமான் பட்டியலை வாசிப்பதுபோலத் தொடங்கினாள். கணவன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பெயரைச் சரியாகத்தான் வாசித்தோமா என்று பார்ப்பதுபோலத் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவ்வளவுதான். அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்த என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தம் பத்துமாண்ணே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

சபையின் கொட்டகைக்குத் தகரக் கூரை. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. ஆறு வருடம் அந்தத் தகரத்துக்கு மேலே குரலை எறிந்து பழகியவன் நான். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும்.

"இது போதும்மா. துக்கத்துல சத்தம் வராது. அடக்கியே வாசி. யாரு என்ன சொன்னாலும் மாத்தாத" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. அவள் வாசித்தது அப்படித்தான் நன்றாக இருந்தது. பொய்யாக இருந்திருந்தால் இத்தனை வருடம் கழித்து எனக்கு அது இப்படி உறுத்தாது என்று தோன்றுகிறது.

ஐப்பசியில் தேர்வு வைத்தார்கள். அன்று காலையில் வெயில் அடித்தது. யாரை முதலில் கூப்பிடலாம் என்று செயலாளர் கேட்டார். "ஆம்பள வேஷத்த எல்லாம் மொதல்ல முடிச்சிருவோம்" என்றேன். யோசித்துத்தான் சொன்னேன்.

என் முறை வந்தது. நடை பரவாயில்லை. அதட்டும்போது குரல் கீச்சென்று மேலே போனது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. அப்போதுதான் அவளைக் கூப்பிட்டார்கள். கடிதத்தை எடுத்தாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"கொஞ்சம் சத்தமா வாசிங்கம்மா" என்று செயலாளர் இரைந்து சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டியிருந்தால் போதும். தரையைப் பார்த்தேன். அவள் அடக்கியே வாசித்து முடித்தாள். அவள் தாயார் வாசலில் குடையைப் பிடித்தபடி கடைசிவரை நின்றிருந்தார்.

"பாவம், மேடைக்கு ஆகாது. கதாநாயகி வேஷத்த இந்த வருசமும் நீங்களே போட்டுருங்க" என்றார் செயலாளர். எனக்கு உடம்பே லேசானது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்கத்தான் சிரமப்பட்டேன்.

மறுநாள் காலையில் மீசையை எடுத்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொடியில் காய்ந்த சேலையை எடுத்து மடித்தாள். பிறகு, "இந்தத் தடவ என் சேலய எடுக்காதீங்க" என்றாள். ஆறு வருடமும் அவள் சேலையைத்தான் கட்டி நடித்திருந்தேன். செயலாளர் வீட்டிலிருந்து இரவல் வாங்கினேன்.

தை மாதம் மழையில்லை. கொட்டகை நிறைந்திருந்தது. கடிதக் காட்சிக்கு நான் வேறுவிதமாகத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். மாரில் அடித்துக்கொண்டு அழுவதாக இருந்தது. தாளைக் கையில் எடுத்ததும் அதெல்லாம் போய்விட்டது. அவள் வாசித்ததுபோலவே வாசித்தேன். பெயர் வரும் இடத்தில் நிறுத்தித் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். கொட்டகையில் இருமல் சத்தம்கூட இல்லை. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. அந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பேர் அந்தக் காட்சிக்குத்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "வேஷந்தான் எடுத்தீங்க. அவ வாசிச்ச விதத்த வேற எடுக்கணுமா?"

அந்த வாரச் சனிக்கிழமை பள்ளிக்கூடத் தையல் அறைக்குப் போனேன். அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மழையையும் தகரக் கூரையையும் நான் தரையைப் பார்த்ததையும் சொன்னேன். கத்தரியை அவள் நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. நாடகத்துக்கும் வந்திருந்தேன். பின்னால நின்னு பாத்தேன்."

வெட்டிய துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஒங்க வீட்டுல வாசிச்சப்ப மதினி அழுதாங்களே, அது நெசந்தானே?"

"நெசந்தாம்மா."

"சரிண்ணே. எனக்குச் சோலி கெடக்கு. நீங்க போங்க."

அங்கிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போய்ச் செயலாளரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாடகந்தான் நல்லா முடிஞ்சிருச்சே, விடுங்க" என்றார். ஆனாலும் அடுத்த ஐப்பசியில் அவரே அவள் வீட்டுக்குப் போய் அழைத்தார். அவள் வரவில்லை. மதுரையிலிருந்து ஒரு நடிகையைக் கொண்டுவந்தார்கள். நான் மீசை வளர்த்தேன், தேர்வுக்குப் போகவில்லை. சபை கலையும்வரை திரை இழுத்தேன்.

அந்தத் தையல் டீச்சருக்கு அய்யம்பாளையத்தில் கல்யாணமானது. எங்களுக்குப் பத்திரிகை வந்தது, என் மனைவி பெயருக்கு. மனைவி மட்டும் போய்வந்தாள். பிறகும் ஒன்றிரண்டு தடவை போயிருக்கிறாள். பஸ் ஏற்றிவிட்டு நான் மண்டிக்குத் திரும்புவேன். வந்ததும் அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.