உ என்று எழுதிய மூடி

ஒரு விரல் உயரக் கண்ணாடிப் புட்டி. வெள்ளை மூடி. மூடியின் மேல் நீல மையில் என் கையெழுத்தில் ஒரே எழுத்து: உ. தொண்ணூறுகளில் பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் நான் உதவியாளனாக இருந்தேன். அப்பா விஞ்ஞானி என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். புட்டி கழுவுகிறவன், லேபிள் எழுதுகிறவன், அவ்வளவுதான்.

அங்கே ஆராய்ச்சி செய்த மேடம் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படருமே, அந்தப் பூஞ்சையை வளர்த்துக்கொண்டிருந்தார். அது சில நேரம் உருண்டையாகக் கிடக்கும். சில நேரம் நூலாக நீண்டு சதைக்குள் இறங்கும். காயவைத்துப் பொடியாக்கினால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால் மெஷின் வரைகிற கோட்டிலேயே எது எது என்று தெரிந்துவிடும். அதை நிரூபிப்பதுதான் அவர் படிப்பு. எனக்கு ஆங்கில எழுத்து தடுமாறும் என்பதால் உருண்டைக்கு உ, நூலுக்கு நூ என்று தமிழிலேயே எழுதச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் புதுப் பேனா. நூல் புட்டியைத்தான் முதலில் எடுத்தேன். கை, பழக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டது. அதற்குள் கேஸ் சிலிண்டர் வந்ததென்று வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்து, உ எழுதியாயிற்று என்று நினைத்து, மற்றதில் நூ எழுதினேன்.

அடுத்த வாரம் மேடம் இரண்டு தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இன்னாண்ணா இது, நூலோட கோடு உருண்டைல வருது. லேபிள் மாத்தி கீத்தி போட்டீங்களா?”

அப்போதுதான் புதுப் பேனா ஞாபகம் வந்தது. பக்கத்தில் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“கரீட்டாத்தான் கீது மேடம்,” என்றேன்.

“அண்ணன் தப்பு பண்ணமாட்டாரு சார். மெஷினுக்குத்தான் பிரிக்கத் தெரியல,” என்று பேராசிரியரிடம் சொன்னார் மேடம்.

மெஷின் சரியாகத்தான் பிரித்திருந்தது. மேடம் என்னை நம்பினார். முந்தைய கோடுகளையெல்லாம் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து வளர்த்தார். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவருக்கென்று வைத்திருந்த காலேஜ் வேலை வேறொருவருக்குப் போயிற்று. தினமும் சொல்லிவிட நினைப்பேன்; டீயை வைத்துவிட்டு வந்துவிடுவேன். “நீங்க இல்லன்னா எப்பவோ வுட்டுட்டுப் போயிருப்பேண்ணா,” என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு நினைப்பதையும் விட்டேன்.

அவர் கொடுத்த ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறீர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன். பெரியவளே, முதல் நாள் நீதான் அதை வாசித்துத் தமிழில் சொன்னாய்: ஒரு புட்டியிலும் பிழை செய்யாத அண்ணனுக்கு நன்றி என்று. தம்பி கை தட்டினான். தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லி, நான் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். அன்று தண்ணீர் வருகிற நாளே இல்லை.