முளைவிட்ட கேழ்வரகும் அக்காவின் வலது கையும்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் எழுதுகிற மாதிரி நானும் சுருளி அருவி, திராட்சைத் தோட்டம், அப்படியே தேக்கடி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இது அந்த மாதிரிப் பயணம் இல்லை. 2009 டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறையில், என் அக்கா வசந்தாவை அவள் வீட்டுக்குள்ளிருந்து கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போன பயணம். எதற்காக இழுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா திண்டுக்கல்லில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். அந்த வருடத் தொடக்கத்தில் வலது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. மதுரையில் மார்பை எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, டாக்டரும் "இனிமே தாராளமா வேலைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். அக்காதான் மாட்டேன் என்றாள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிடப் போவதாக முடிவு செய்திருந்தாள். ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொன்னாள். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை, போர்டில் பாதிக்குக் கீழே எழுதினால் கடைசி பெஞ்சுக்கு எப்படித் தெரியும்? இது ஒன்று. இன்னொன்றைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரு பக்கம் தட்டையா இருக்கறத எத்தனை நேரம்டி முந்தானையை இழுத்து மறைக்கறது? அத்தனை பிள்ளைகளும் என்னையேதான பார்த்துட்டு இருக்கும்."

இருபது வருடம் ஆசையாகப் பார்த்த வேலை. பண்டிகைக்கு லீவு விட்டாலே முகம் சுருங்குகிற ஆள் அவள். அத்தான் பாவம், காலையில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு "அவ இஷ்டம்" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. நான் கோவையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், விடாமல் நச்சரிப்பதுதான் என் தொழிலே.

ரேடியேஷனுக்குப் போன இடத்தில், செக்கப்புக்கு வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவர் மும்தாஜ். கம்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் இதே ஆபரேஷன்தான், இரண்டு வருடம் முன்னால். வாரம் தவறாமல் அக்காவுக்குப் போன் பண்ணுவார். "எங்கூர்ல ஞாயித்துக்கெழமை நம்மள மாதிரி ஆபரேஷன் ஆனவக எல்லாரும் கூடுறோம் டீச்சர், ஒருவாட்டி வந்துதான் பாருங்களேன்" என்பார். அக்கா ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாள். அந்த சனிக்கிழமை காலை, அக்கா வீட்டுக்கு வந்திருந்த நான் போனை எடுத்தேன். "நாளைக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோமீட்டர். அன்றே மதியம் ஒரு மணிக்கு அரசுப் பேருந்து, ஆளுக்கு முப்பத்தாறு ரூபாய். வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாக மூன்றரை மணிக்குத் தேனி. அங்கே பஸ் கால் மணி நேரம் நிற்கும், வடை நன்றாக இருக்கும். அக்கா வடையைத் தொடவில்லை. முந்தானையைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "திரும்பிடுவோமா கீதா?" என்றாள். "திரும்பறதுன்னா ரெண்டு பேர் டிக்கெட்டும் உன் செலவு" என்றேன். தேனி தாண்டி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போக இரண்டு பக்கமும் மலை கூடவே வரும். இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் மேகமலை முழுசாகத் தெரியும். நடுவில் வயலும் வாழையும் அப்படி ஒரு பச்சை. அக்கா பார்த்தாளா என்று தெரியாது, நான் வாயைத் திறந்தபடி பார்த்தேன்.

கம்பத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ். இருவர் தங்கும் அறை முந்நூற்று ஐம்பது. சுத்தமாக இருந்தது, வெந்நீர் மட்டும் காலையில் ஒரு வாளிதான் தருவார்கள். மறுநாள் ஏழு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தின் அடையாளத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சட்டைக்காரம்மா கூட்டத்துக்கா போறீக?"

"அது என்ன சட்டைக்காரம்மா?" என்றேன்.

"போய்ப் பாருங்க, தெரியும். எங்க சின்னம்மாவும் அங்கனதான் இருக்காக. நூறு ரூவா குடுங்க, மத்தவககிட்டன்னா நூத்தம்பது." நிஜமாகவே நூறுதான் வாங்கினார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் புரிந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, ஆம்பிளைச் சட்டை, போட்டிருந்தார்கள். இங்கே தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாருமே அப்படித்தான் போடுவார்கள். இவர்களுக்கு அதில் இன்னொரு காரணமும் உண்டு. ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கையில் ஒரு கீறல்கூடப் படக்கூடாது, பட்டால் கை வீங்கிவிடும். மும்தாஜ் ஓடிவந்து அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். "முடி நல்லா வந்திருச்சே!" என்றார். கையோடு ஒரு கட்டம் போட்ட சட்டையை அக்காவுக்கு மாட்டிவிட்டார். தொளதொளவென்று இருந்தது. யாருக்கு எந்தப் பக்கம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா முந்தானையிலிருந்து கையை எடுத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இந்தத் தோட்டத்தில் அவர்கள் செய்வது இதுதான். திராட்சைக் கொடி படர ஆள் உயரத்துக்கு மேல் கம்பிப் பந்தல் போட்டிருக்கும், அதைத் தாங்கக் கல்லுக்கால் நட்டிருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு விரல்களைச் சுவரில் மெதுவாக மேலே ஏற்றிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள் அல்லவா? வீட்டில் யார் ஒழுங்காகச் செய்கிறார்கள்? இவர்கள் கல்லுக்காலில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு காலிலும் பழைய சேலைக் கிழிசல் நாலு இடத்தில் கட்டியிருந்தது: தோள், காது, உச்சந்தலை, அதற்கு மேலே கம்பி. கம்பியைத் தொட்டவர்கள் ஒரு குலை பறித்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். தோட்டக்காரர் அதற்குக் காசு வாங்குவதில்லை. அந்த வாரம் மருந்து அடித்திருந்தால் மட்டும் வேறு தோட்டம் பார்த்துக்கொள்வார்கள்.

அக்காவின் விரல்கள் தோள் கிழிசலைத் தொட்டு அதற்கு மேல் போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இறக்கிவிட்டாள். "அதான் சொன்னேன்ல" என்று என்னைப் பார்த்தாள். வேண்டாத வேலை செய்துவிட்டேனோ என்று தோன்றியது.

பிறகு எல்லாரும் பந்தல் நிழலில் உட்கார்ந்து அவித்த நிலக்கடலை தின்றார்கள். மும்தாஜ் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். அவரே தைத்த மார்பு. உள்ளே இலவம்பஞ்சு. போடிப் பக்கத்துப் பஞ்சு, மெத்தென்று இருந்தது. "பஞ்சு மட்டும் வச்சா கனம் பத்தல டீச்சர். ஜாக்கெட்டு ஒருபக்கமா மேல ஏறுது. கனத்துக்கு என்ன வைக்கிறதுன்னுதான் ஆள் ஆளுக்கு ஒண்ணு பண்ணிப் பார்க்கோம்" என்றார்.

"பேச்சி பண்ணுனதச் சொல்லு!" என்று ஒருத்தர் கத்த, கூட்டமே சிரித்தது.

பேச்சி அதே தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவர். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. "ஏன்த்தா, வந்தவக முன்னாடி மானத்த வாங்குறீக" என்று அலுத்துக்கொண்டு அவரே சொன்னார். "கனத்துக்குக் கேப்பை வச்சுத் தச்சுக்கிட்டேன் டீச்சரக்கா. சும்மா சொல்லக்கூடாது, கனம் கச்சிதம். அதோட போயி அருவியில குளிச்சுப்புட்டேன். எங்கிட்ட இருந்தது ஒண்ணுதான், வெளிய அடமழை, எங்கன காயப் போட? ஈரத்தோடயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். மூணாம் நாளு காலையில தையல் போட்ட எடத்துல என்னமோ குத்துது. தொட்டுப் பார்த்தா நூல் நூலா மொளச்சு நிக்கிது!"

"அய்யய்யோ" என்றேன்.

"எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. போச்சு, நோவு திரும்ப வந்திருச்சுன்னு நெனச்சு, விடியுமுன்னாடி இந்த மும்தாஜ் வீட்டு வாசல்ல போயி ஓன்னு அழுதேன். இவ கத்திரியால பிரிச்சுப் பார்த்துட்டு, என்னைய ஒரு அப்பு அப்புனா. உள்ள பூராம் வெள்ளவெளேர்னு மொளவிட்ட கேப்பை!"

"பின்ன? கேப்பைய ஈரத்துணியில கட்டி வச்சா மொளைக்காம என்ன செய்யும்? கூழுக்கு அப்படித்தான மொளைகட்டுவ" என்றார் மும்தாஜ்.

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது! சிரித்து முடித்ததும் அவளுக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். "கேழ்வரகைப் பச்சையாவா வச்சீங்க? வறுத்து வைக்கணும் பேச்சி. வறுத்தா உள்ள இருக்கற கரு செத்துப்போகும், எவ்வளவு தண்ணி பட்டாலும் முளைக்காது" என்றாள்.

"கருவா? வெதைக்குள்ளயா?"

அக்கா ஒரு கடலையை எடுத்து உரித்து, பருப்பை இரண்டாகப் பிளந்தாள். "இந்த நுனியில குட்டியா மூக்கு மாதிரி இருக்கு பாருங்க. இதான் செடி. மத்ததெல்லாம் இதுக்குச் சாப்பாடு."

"இங்கன தெரியலயே டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இதோ" என்று அக்கா அந்தப் பாதிப் பருப்பைத் தூக்கிக் காட்டினாள். வலது கையால். தோளைத் தாண்டி, காதையும் தாண்டி. "தெரியுதா? கடைசியில இருக்கறவங்களுக்குத் தெரியுதா?"

பேச்சி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார், வாயைத் திறக்காதே என்பதற்காக. அக்காவே உணர்ந்து கையைப் பார்த்தாள். சட்டென்று இறக்கியபோது வலித்திருக்க வேண்டும், முகம் கோணியது. பிறகு மும்தாஜின் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"இன்னைக்குக் காது போதும்" என்றார் மும்தாஜ், அவள் முதுகைத் தடவிக்கொண்டே.

பதினொரு மணிக்கு எல்லாரும் ஒரு ஜீப்பில் அடைந்துகொண்டு சுருளி அருவிக்குப் போனோம். தண்ணீர் நன்றாகவே விழுந்தது. குளிக்கப் போகுமுன் பஞ்சு மார்புகளை எல்லாம் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டுவிட வேண்டும், பேச்சி விவகாரத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. மூடி எதற்கென்றால் குரங்குக்கு. "கொரங்கு தூக்கிட்டுப் போனா மரம் மரமா ஏறிக் கேக்க முடியுமா?" என்றார் பேச்சி. அக்கா குளிக்கவில்லை. எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை. வாளிக்குக் காவலாகப் பாறையில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடுமா என்ன?

திரும்பும் பஸ்ஸில், "அப்போ வேலையை விடறதப் பத்தி…" என்று ஆரம்பித்தேன். "வாயை மூடிட்டு வா" என்றாள். சரி என்று மூடிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சுருளியில் தண்ணீர் இருக்கிறதா என்று கம்பத்திலேயே விசாரித்துவிட்டுப் போங்கள், கோடையில் ஏமாற்றிவிடும். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். திராட்சை தோட்டத்து வாசலிலேயே வாங்கலாம், ஆனால் மூன்று தண்ணீரில் கழுவாமல் வாயில் போடாதீர்கள். கடைசியாக, அந்தக் கூட்டத்தின் முகவரி கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். சொந்தபந்தத்துக்கே தெரியாமல் வருகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ இந்த நோய் என்றால், ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். எங்களுக்கு எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று நான் வேண்டுமென்றே அக்காவுக்குப் போன் செய்யவில்லை. பயம்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். எடுத்ததும் எரிந்து விழுந்தாள். "ஏன்டி, இந்த சாக்பீஸ் எல்லாம் இப்போ எதுல செய்யறானுங்க? கண்ணு மூஞ்சியெல்லாம் தூளா கொட்டுது. முன்னாடியெல்லாம் இப்படியா கொட்டும்?"

ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணாந்து எழுதினா கொட்டத்தான்க்கா செய்யும்" என்றேன்.