பேஸ்ட் மாமா பிரித்த பெட்டி

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் 'பேஸ்ட்' என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் பற்பசை வியாபாரி என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து, உள்ளே இருப்பது எந்த ப்ராசஸர் என்று பார்த்துச் சொல்வதும் பழுது நீக்குவதும் அவர் தொழில். ப்ராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினியக் கட்டிக்கும் நடுவே, சூடு இறங்குவதற்காக ஒரு பேஸ்ட் தடவுவார்கள். அது அவர் விரல் இடுக்கில், சட்டைப்பையில், சில நாள் காது மடலில்கூட இருக்கும். அக்கா அவர் துணிகளைத் தனியாகத்தான் துவைப்பாள். நான் வேலைவெட்டி இல்லாத காலத்தில் அவர் கடையில் போய் ஒட்டிக்கொண்டவன், இன்னும் உதிரவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் இருக்கும் ஸ்டிக்கரை மாமா மதிக்கவே மாட்டார். திரையில் வரும் பெயரையும் முழுக்க நம்ப மாட்டார். பழைய மதர்போர்டு தனக்குத் தெரியாத ப்ராசஸரைக் கண்டால் வாய்க்கு வந்ததை உளறும். "தலையில என்ன செதுக்கியிருக்கோ அதுதான் பேரு" என்பார். கட்டியைக் கழற்றுவார், ப்ராசஸர் மேலிருக்கும் பேஸ்டைத் துணியால் ஒரே இழுப்பில் துடைப்பார், விளக்கைச் சாய்த்து எழுத்தைப் படிப்பார். துடைத்த பிறகுதான் அவருக்குக் கண்ணே திறக்கும். முதலில் பாருங்கள், பிறகு துடையுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். மச்சான் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஒரு மத்தியானம் தையல்கார அம்மா ஒருவர் தன் தம்பியோடு வந்தார். தூக்கிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் பெட்டி அவர் மகனுடையது. சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனிடமிருந்து வருஷக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அவன் அறையைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தார். தினமும் காலையில் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, திரையில் வரும் அவன் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாராம்.

"முன்னெல்லாம் படம் வர்றதுக்குள்ள ஒரு சட்டைக்குக் காஜா போட்டு முடிச்சிடுவேன். இப்போ ஊசியில நூல் கோக்குறதுக்குள்ள வந்து நிக்கிறான். யாரோ உள்ள மாத்தியிருக்காங்க. வேகமான ப்ராசஸர் வாங்கிக் குடும்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான்தான் காதுல போட்டுக்கல."

"பூட்டின ரூமுக்குள்ள யாருக்கா வருவா?" என்ற தம்பி, எங்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மனசு சரியில்லைங்க. எதுவும் மாறலன்னு நீங்க சொல்லிட்டா, இன்னைக்கே வீட்டைப் பூட்டிட்டு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். டாக்டர்கிட்டயும் காட்டணும்."

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. "மாறியிருந்தா நான் எங்கேயும் வரமாட்டேன். என் பிள்ளை வந்துபோற வீடு அது" என்றார்.

மாமா வேலையைத் தொடங்கினார். திருகுகளின் பள்ளத்தில் தூசி இறுகிக் கிடந்தது. குண்டூசியால் நோண்டி எடுத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் பிடித்தது. "பாத்தீங்களா, யாரும் தொடவே இல்ல" என்றார் தம்பி. எனக்கும் அப்படித்தான் பட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே சிலந்திவலை, கட்டியிலிருந்து பெட்டியின் சுவர்வரை ஒரு இழைகூட அறுபடாமல். மாமா வலையை ஒதுக்கினார், கட்டியைக் கழற்றி அப்படியே மேசையில் வைத்தார், வழக்கம்போல ஒரே இழுப்பில் துடைத்தார். விளக்கைச் சாய்த்து எழுத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது ஸ்டிக்கர்ல இருக்கறது இல்ல. இந்த போர்டு தாங்குறதுலயே வேகமான ப்ராசஸர்" என்றார் மெதுவாக.

"போறதுக்கு முன்னாடியே அவன் மாத்தியிருப்பான். இவங்களுக்கு இப்பத்தான் தோணுது" என்றார் தம்பி.

மாமா தன் கட்டைவிரலைப் பார்த்தார். "இத்தனை வருஷப் பேஸ்ட்னா சுண்ணாம்பா உதிரும். இது ஈரமா வந்த மாதிரி இருந்துச்சு."

"உங்க துணியப் பாருங்க சார்" என்றார் தம்பி.

காலையிலிருந்து வேலை செய்த துணி. அதில் ஈரப் பேஸ்ட் இல்லாத இடமே இல்லை.

"சத்தியமா சொல்லுங்க தம்பி, ஈரமா இருந்துச்சா?" என்று அந்த அம்மா மாமாவைக் கேட்டார்.

"சத்தியம் பண்ண முடியலம்மா. பாக்காம துடைச்சிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மனுஷி பைத்தியமா இல்லையா என்பது அந்த ஒரு பொட்டுப் பேஸ்டில் இருந்தது, இவர் அதை மூக்குச் சளியைப் போலத் துடைத்துவிட்டு நிற்கிறார். அந்த அம்மாவின் தம்பி அவர் தோளைத் தொட்டு, கிளம்பலாம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதில்லை. மேசையில் இருந்த கட்டியைப் புரட்டினேன்.

அடிப்பக்கம் வெண்ணெய் மாதிரி பளபளத்தது. யாரோ விரலால் தடவிய கோடுகள் அப்படியே இருந்தன. ஓரத்தில் தொட்டேன், விரலோடு வந்தது. நேற்றோ முந்தாநாளோ தடவிய பேஸ்ட். ஆனால் வெளியே திருகில் அத்தனை தூசி, உள்ளே அறுபடாத வலை. பயந்துபோனேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. அந்தத் தம்பி பெட்டியை விட்டு விலகி வாசலில் போய் நின்றுகொண்டார்.

"அக்கா, அந்த வீட்டுல இனிமே தனியா இருக்காதே" என்றார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.

அந்த அம்மாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. தொடாமல், அந்தக் கோடுகளுக்கு மேலே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். "என் தலைமாட்டைத் தாண்டித்தான் அந்த ரூமுக்குப் போகணும். எழுப்பவே இல்லையே, பாவி" என்றார். அழவில்லை. முகத்தில் இருந்தது சந்தோஷம்தான்.

மாமா பேஸ்ட் குழாயை எடுத்தார். "புதுப் பேஸ்ட் போட்டு இதையே மாட்டிடவாம்மா?"

"வேண்டாம் தம்பி. இதைக் கழட்டி என் கையில குடுத்துடுங்க. உங்ககிட்ட இருக்கறதுலயே மெதுவானதைப் போடுங்க."

"வேகமா ஓடுறதை எதுக்கும்மா கெடுக்கணும்?"

"எல்லாம் சரியா இருந்தா, அவன் மறுபடி எதுக்கு வருவான்?"

மாமா பழைய ப்ராசஸர்கள் போட்டு வைத்திருந்த டப்பாவை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்.